பத்தொன்பது தலைகள்

இராவணனுக்குப் பத்துத் தலை. கோயமுத்தூரில் இருக்கும் என் நண்பருக்குப் பத்தொன்பது. கழுத்தின் மேல் இருப்பதையும் சேர்த்தால் இருபது. அந்த ஒன்றை அவர் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. மற்றப் பத்தொன்பதையும் கண்ணாடி அலமாரியில் வைத்து, வெயில் படாமல் திரை போட்டு, மாதம் ஒரு முறை மெல்லிய துணியால் துடைத்து வருகிறார்.

நண்பர், பம்புசெட்டுக்கு உதிரிப் பாகங்கள் வார்க்கும் சிறு பட்டறை ஒன்றின் சொந்தக்காரர். நாள் முழுவதும் இரும்போடும் மணலோடும் மல்லுக்கு நிற்கிற மனிதர். அவருக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்பது தனிக் கதை, இங்கே வேண்டாம். அவரால் எனக்கு ஏற்பட்ட அனுபவத்தைத்தான் சொல்ல வந்தேன்.

அது என் சொந்தத் தலையிலிருந்தே தொடங்குகிறது. 2015 ஜூலை முதல் தேதியிலிருந்து, ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் ஹெல்மெட் அணிந்தே தீரவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது நேயர்களுக்கு நினைவிருக்கும். அந்த ஜூன் மாதக் கடைசியில் தமிழ்நாட்டில் தீபாவளி ஜவுளிக்கடை மாதிரி ஹெல்மெட் கடைகளில் கூட்டம் நெரிந்தது. கூட்டத்தைக் கண்டால் ஒதுங்குகிற சுபாவம் எனக்கு. பொள்ளாச்சிச் சாலை ஓரத்தில் தார்ப்பாயை விரித்துப் பூசணிக்காய் மாதிரிக் குவித்து வைத்திருந்த ஒருவரிடம் போனேன். முந்நூற்றைம்பது ரூபாய். ஒரு பக்கம் மஞ்சளாகச் சூரியன், மறுபக்கம் வெள்ளையாகச் சந்திரன். நம் நாட்டில் எவ்வளவு பக்தியோடு தொழில் செய்கிறார்கள் என்று மெச்சிக்கொண்டேன். அதே குவியலிலிருந்து, பின் ஸீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்துக்கு வரும் என் பெண்ணுக்கும் ஒன்று வாங்கினேன். அவளுடையதில் 46 என்று பெரிதாக எழுதியிருந்தது. அவளுக்கு அப்போது வயது பத்து. எண்ணைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

ஏழு வருஷம் சூரிய சந்திரர் காவலில் பத்திரமாகவே இருந்தேன். ஒரு நாள் காலை அந்த ஹெல்மெட்டோடு நண்பர் வீட்டு வாசலில் போய் இறங்கினேன். அவர் என்னை வரவேற்பதை விட்டுவிட்டு என் கையிலிருந்ததையே பார்த்தார்.

"ஏனுங்க, உங்களுக்கு ரோஸியை அத்தனை பிடிக்குமுங்களா?"

"எந்த ரோஸியை?" என்றேன். அந்தச் சமயம் பார்த்து அவருடைய மனைவி காப்பி டம்ளரோடு வந்துகொண்டிருந்தார்கள். "அப்படி யாரையும் எனக்குத் தெரியாதே!" என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

நண்பர் சிரிக்கவில்லை. ஹெல்மெட்டை வாங்கிக் கவிழ்த்து உள்ளே பார்த்தார். கட்டை விரலால் ஓர் இடத்தில் அழுத்தினார். அவர் முகம் என்னவோ போல் ஆயிற்று. "இதை அப்புறம் பேசிக்கலாமுங்க. முதல்லே மாடிக்கு வாங்க" என்றார்.

மாடியில்தான் அந்தப் பத்தொன்பது தலைகளைப் பார்த்தேன்.

ஒவ்வொன்றும் ஒரு பந்தய வீரனுடையது. அதாவது, அவன் தலையில் வைத்திருந்த அதே பொருள் அல்ல. வீரனுக்கு ஹெல்மெட் செய்து கொடுக்கிற கம்பெனியே, அதே வடிவில் அதே வர்ணத்தில் ரசிகர்களுக்கென்று செய்து விற்கிற பிரதி. 'ரேஸர் ரெப்ளிகா' என்று அதற்குப் பெயர். சிலவற்றின் விலையைச் சொன்னார். அந்தப் பணத்துக்கு ஒரு புது ஸ்கூட்டரே வாங்கிவிடலாம். "இவர்தானுங்க ரோஸி" என்று ஒன்றை எடுத்துக் காட்டினார். வாலன்டினோ ரோஸி, இத்தாலிக்காரர், ஒன்பது முறை உலக சாம்பியன், 2021-ஆம் வருஷக் கடைசியில் ஓய்வு பெற்றவர். அந்த ஹெல்மெட்டின் ஒரு பக்கம் சூரியன், மறுபக்கம் சந்திரன்! 46 என்பது அவருடைய எண். அவருக்கு முன்பு அவர் தகப்பனார் பந்தயத்தில் போட்ட எண். என் குடும்பத்தில் இரண்டு பேர் ஏழு வருஷமாக முன்பின் தெரியாத ஓர் இத்தாலியருடைய அடையாளங்களைச் சுமந்துகொண்டு பொள்ளாச்சியில் காய்கறி வாங்கியிருக்கிறோம்.

மனத்துக்குள் எனக்குச் சிரிப்பு. எம்.ஜி.ஆர். மாதிரித் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு மேடையேறுகிறவர்களைப் பார்த்ததில்லையா? அந்த ரகம்தான் இதுவும், கொஞ்சம் விலை அதிகம் என்று எண்ணிக்கொண்டேன். நண்பர் அந்த எண்ணத்தை என் முகத்தில் படித்துவிட்டார் போலிருக்கிறது. அன்று மத்தியானச் சாப்பாடு ஆறிப் போகிற வரையில் என்னை விடவில்லை. அவர் சொன்னதும், அதன் பிறகு நானே தேடிப் படித்ததும் சேர்ந்துதான் இந்தக் கட்டுரை.

ஹெல்மெட்டுக்கு இரண்டு சரித்திரங்கள் உண்டு. உட்புறத்துக்கு ஒன்று, வெளிப்புறத்துக்கு ஒன்று. உட்புறத்துச் சரித்திரத்தை எழுதியவர்கள் பெரும்பாலும் வைத்தியர்கள்.

இங்கிலாந்தில் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் திடலில் எரிக் கார்டனர் என்ற டாக்டர் பணியாற்றினார். மண்டை உடைந்து வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்த அவர், கான்வாஸ் துணியில் அரக்குப் பூசி விறைப்பாக்கிய ஒரு குல்லாயைச் செய்வித்தார். பந்தய அதிகாரிகள் முதலில் முகம் சுளித்தார்கள். ஆனாலும் 1914-இல் மான் தீவில் நடந்த பந்தயத்துக்கு அதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். பந்தயக்காரர்களுக்கு அதோடு ஒரு வழி பிறந்தது. ஆனால் சாலையில் போகிற சாதாரண மனிதனைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. அதற்கு இன்னும் இருபத்தோரு வருஷமும், ஒரு பெரிய மனிதருடைய சாவும் வேண்டியிருந்தன.

'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்ற சினிமாவைப் பார்த்தவர்களுக்கு அதன் முதல் காட்சி மறந்திருக்காது. பாலைவனத்தையும் ஒட்டகத்தையும் எதிர்பார்த்துப் போனால், பசுமையான ஆங்கிலக் கிராமத்துச் சாலையில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்து விழுந்து சாகிறார். நடந்த கதைதான் அது. டி. ஈ. லாரன்ஸுக்கு 'பிரஃப் சுப்பீரியர்' என்ற மோட்டார் சைக்கிளில் தீராத மோகம். ஒன்றன்பின் ஒன்றாக ஏழு வண்டி வைத்திருந்தார். 1935 மே 13-ஆம் தேதி டார்ஸெட் ஜில்லாவில் தம் குடிசைக்குத் திரும்பும் வழியில், மேட்டுக்கு அப்பால் சைக்கிளில் வந்த இரண்டு பையன்களைக் கண்டு வண்டியை ஒடித்தார். தூக்கி எறியப்பட்டார். தலையில் ஒன்றும் அணிந்திருக்கவில்லை. ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து 19-ஆம் தேதி இறந்தார். வயது 46.

அந்த ஆறு நாளும் அவரைப் பார்க்க வந்த வைத்தியர்களில் ஒருவர் ஹ்யூ கெய்ன்ஸ், ஆஸ்திரேலியாவில் பிறந்த மூளை ரண சிகிச்சை நிபுணர். எத்தனையோ நோயாளிகள் கை நழுவிப் போகிறார்கள். டாக்டர்கள் அடுத்த படுக்கைக்குப் போய்விடுவார்கள். கெய்ன்ஸ் அப்படிப் போகவில்லை. யுத்தம் வந்தது. ராணுவச் செய்தியைச் சுமந்துகொண்டு இருட்டடிப்பில் விளக்கில்லாமல் ஓடுகிற மோட்டார் சைக்கிள்காரர்கள் எதிரியின் குண்டு படாமலே செத்துக்கொண்டிருந்தார்கள். கெய்ன்ஸ் கணக்கெடுத்தார். யுத்தத்துக்கு முந்தின 21 மாதத்தில் பிரிட்டிஷ் சாலைகளில் மோட்டார் சைக்கிளில் இறந்தவர்கள் 1,884 பேர். யுத்தத்தின் முதல் 21 மாதத்தில் 2,279 பேர். ஹெல்மெட் போட்டிருந்தும் விபத்தில் அடிபட்டவர்கள் என்று அவருக்கு அகப்பட்டவர்கள் ஏழே பேர். ஏழு பேரும் பிழைத்திருந்தார்கள். 1941-இல் இதைப் பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். அந்த வருஷம் நவம்பரிலேயே ராணுவ மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு ஹெல்மெட் கட்டாயமாயிற்று. பொது ஜனங்களுக்கு அதே சட்டம் பிரிட்டனில் வந்தது 1973-இல். கெய்ன்ஸ் 1952-லேயே காலமாகிவிட்டார்.

ஆனால் அந்தக் காலத்து ஹெல்மெட் வெறும் ஓடுதான். கெட்டியான ஓடு, அதற்குள் தலையைத் தாங்க ஒரு வார்ப்பட்டை. ஓடு கெட்டியாக இருந்தால் போதாது என்பதுதான் சூட்சுமம். பஸ் சட்டென்று நின்றால் பஸ்ஸுக்கு ஒன்றும் ஆவதில்லை. உள்ளே நிற்கிற பிரயாணிகள் அல்லவா முன்னால் போய் விழுகிறார்கள்? மண்டை ஓடு நின்றாலும் மூளை நிற்காமல் போய் மோதுகிறது. அதை மெதுவாக நிற்கச் செய்ய வேண்டும். ஒரு விநாடியில் ஆயிரத்தில் சில பங்கு அவகாசம் கூடுதலாகக் கிடைத்தால் போதும், ஓர் உயிர் தங்கிவிடும். தென் கலிபோர்னியா பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த லம்பார்டு என்பவர் இதைப் பிடித்தார். ஓட்டுக்குள், அடி விழுந்தால் நசுங்கிப் போகிற ஒரு நுரைப் பொருளை வைக்க வேண்டும். அது நசுங்குகிற நேரம்தான் தலைக்குக் கிடைக்கும் அவகாசம். 1953-இல் அவருக்கும் அவருடைய கூட்டாளிக்கும் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. டெலிவிஷன் பெட்டியைச் சுற்றி வருகிறதே, தெர்மோகோல், அதற்கு நெருங்கின உறவுதான் இன்றைய ஹெல்மெட்டுக்குள் இருப்பதும்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. ஒரு முறை நசுங்கின நுரை மறுபடி எழும்பாது. ஹெல்மெட் தன் வேலையை ஒரே தடவைதான் செய்யும். செய்த பிறகு வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளவென்று இருக்கலாம். ஆனால் அது செத்த ஹெல்மெட். அடியே படாவிட்டாலும் வியர்வையும் வெயிலும் எண்ணெயும் பட்டு நாளாவட்டத்தில் தேய்ந்துபோகும். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள் என்று சொல்கிறது ஸ்நெல் ஸ்தாபனம். 1956-இல் கார்ப் பந்தயத்தில் தலையில் அடிபட்டு இறந்த பீட் ஸ்நெல் என்ற இளைஞரின் ஞாபகமாக, மறு வருஷம் அமெரிக்காவில் ஏற்படுத்தினது அது. ஹெல்மெட்டுகளைப் போட்டு உடைத்துப் பார்ப்பதே அதன் வேலை.

இனி வெளிப்புறம். எனக்கு இதுதான் அதிக ருசி.

ஐம்பதுகளில் எடுத்த பந்தயப் படங்களைப் பாருங்கள். தலையில் கிண்ணத்தைக் கவிழ்த்தாற் போல ஒரு ஹெல்மெட், காதோரம் தோல் பட்டை, கண்ணுக்கு மூக்குக் கண்ணாடி. மற்றபடி முகம் முழுவதும் தெரியும். இவன் இன்னான் என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். சிலர் அப்போதே ஹெல்மெட்டில் தங்கள் அடையாளத்தை இட்டுக்கொண்டார்கள். கார்ப் பந்தயக்காரர் கிரஹாம் ஹில், தாம் படகு வலித்த லண்டன் கழகத்தின் துடுப்பு அடையாளத்தைத் தீட்டிக்கொண்டார். ஸ்காட்லாந்துக்காரர் ஜாக்கி ஸ்டூவர்ட் தம் ஊர்க் கட்டம் போட்ட துணியின் பட்டையை வைத்துக்கொண்டார். பதினைந்து உலகப் பட்டம் பெற்ற இத்தாலிய மோட்டார் சைக்கிள் வீரர் ஜாக்கமோ அகொஸ்தினிக்குத் தேசக் கொடியின் பச்சை, வெள்ளை, சிவப்பு. அதெல்லாம் நெற்றித் திலகம் மாதிரி ஓர் அலங்காரம். முகம் இருக்கும்போது திலகம் இல்லாவிட்டாலும் ஆளைத் தெரியும்.

பிறகு முகம் மறைந்தது. அமெரிக்காவில் ராய் ரிக்டர் என்பவருடைய பெல் கம்பெனி, முகவாய்க்கட்டையையும் சேர்த்து மூடுகிற 'பெல் ஸ்டார்' என்ற ஹெல்மெட்டை அறுபதுகளின் பிற்பாதியில் கொண்டுவந்தது. 1968-இல் ஜெர்மன் கிராண்ட் பிரீ கார்ப் பந்தயத்தில் டான் கர்னி அப்படிப்பட்டதை அணிந்து இறங்கினார். மறு வருஷம் இத்தாலியில் இமோலாவில் ஆல்பெர்ட்டோ பகானி அதே மாதிரி முழு ஹெல்மெட்டோடு மோட்டார் சைக்கிள் ஓட்டி ஜெயித்தார். சில வருஷத்துக்குள் எல்லோரும் மாறிவிட்டார்கள். பல்லும் தாடையும் பிழைத்தன. ஆனால் பார்க்க வந்த ஜனங்களுக்கு? முப்பது பேர் ஒரே மாதிரித் தோல் உடுப்பில், ஒரே மாதிரிக் குனிந்து, கறுப்புக் கண்ணாடி முகத்தோடு பாய்ந்து போகிறார்கள். யார் யார் என்று எப்படி அறிவது?

நம் தெருக்கூத்தில் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். முகம் முழுக்க அரிதாரம். எதிர்வீட்டு முனுசாமியே ஆனாலும் அடையாளம் தெரியாது. கிரீடத்தையும் புஜக்கட்டையையும் கண்டதும், துரியோதனன் வந்துவிட்டான் என்று கடைசி வரிசைக் கிழவிக்கும் தெரிகிறது. பந்தயத் திடலிலும் அதேதான் நடந்தது. முகம் போன இடத்தில் வர்ணம் முகமாயிற்று. இங்கிலாந்தின் பாரி ஷீன் கறுப்பு ஹெல்மெட்டில் டொனால்டு வாத்தை ஒட்டிக்கொண்டார். அமெரிக்காவின் கென்னி ராபர்ட்ஸ் கழுகை விரித்துக்கொண்டார். ஷீனைப் பற்றி ஒரு வேடிக்கை சொல்வார்கள். பந்தயம் தொடங்கும் கடைசி நிமிஷம் வரையில் சிகரெட் பிடிக்க வேண்டுமென்று, ஹெல்மெட்டின் தாடைப் பக்கத்தில் ஒரு துவாரம் போட்டு வைத்திருந்தார்! லம்பார்டு பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ? 1976, 1977 இரண்டு வருஷமும் ஷீன்தான் உலக சாம்பியன்.

இந்த வெளிப்புறக் கலையில் உச்சிக்குப் போனவர் ரோஸி. அவருக்கு ஆல்டோ துருதி என்ற சித்திரக்காரர் வாய்த்தார். சூரிய சந்திரர் அவர் கைவண்ணம். ஒவ்வொரு வருஷமும் சொந்த நாட்டுப் பந்தயத்துக்கு ஒரு புதுக் கோலம் போடுவார்கள். 2008-இல் முஜெல்லோ திடலில் ரோஸியின் முகத்தையே, கண் பிதுங்கி வாய் பிளந்த கோலத்தில், ஹெல்மெட்டின் உச்சியில் தீட்டினார்கள். அங்கே நீண்ட நேர் சாலையில் 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வந்து, முதல் திருப்பத்தில் பிரேக் போடும்போது உள்ளே தம் முகம் எப்படி இருக்கிறது என்று ஜனங்கள் பார்க்கட்டும் என்றாராம். மறைந்த முகத்தை வெளியே கொண்டுவந்து காட்டுவது! நான் கதை எழுதுகிறவன். பாத்திரத்தின் உள்ளத்தை வெளியே காட்ட பக்கம் பக்கமாகத் திண்டாடுகிறவன். கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. அந்தப் பந்தயத்தில் அவர்தான் ஜெயித்தார். மறு வருஷம் அமெரிக்காவில் முட்டாள்தனமாக விழுந்துவிட்டு, அடுத்த பந்தயத்துக்கு, மிஸானோவில், கழுதை முகமும் இரண்டு நீளக் காதும் வைத்த ஹெல்மெட்டோடு வந்தார். அன்றும் ஜெயித்தார்.

முகம் என்று ஆனபின் அதை வீட்டுக்குக் கொண்டுபோக ரசிகன் ஆசைப்படாமல் இருப்பானா? கேட்டான், கம்பெனிகள் செய்து கொடுத்தன. இதில் பேர் போனவர்கள் இத்தாலியரும் ஜப்பானியரும். வாலன்ஸா என்ற ஊர் நகை வேலைக்குப் பிரசித்தம். அங்கே ஜீனோ அமிஸானோ என்பவர் 1947-இல் தொழில் தொடங்கினார். மோட்டார் சைக்கிளுக்கு ஸீட் தைத்தவர், பிறகு ஹெல்மெட்டுக்கு வந்தார். அவர் பெயரின் முதலெழுத்தும் ஊரின் முதலெழுத்தும் சேர்ந்ததுதான் 'ஏ.ஜி.வி.' இந்த மனிதர் மீது எனக்குத் தனி மரியாதை. 1977-இல் டாக்டர் கோஸ்தா என்பவர் பந்தயத் திடல்களுக்கு ஒரு நடமாடும் ஆஸ்பத்திரி கொண்டுவர முயன்றபோது, பணம் கொடுத்து முதல் வண்டியை ஓடச் செய்தவர் அமிஸானோதான். தாம் விற்ற ஹெல்மெட் எல்லாவற்றையும் காத்துவிடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஜப்பானில் அராய் குடும்பம். ஹிரோடகே அராய் முதலில் தொப்பி வியாபாரி. மோட்டார் சைக்கிள் பைத்தியம். தொப்பி செய்கிறவர் ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஹெல்மெட் செய்யத் தொடங்கினார். முட்டை போல வழவழவென்று உருண்டையாக இருக்க வேண்டும், எங்கேயும் முனை நீட்டக் கூடாது, தரையில் பட்டால் மாட்டிக்கொள்ளாமல் வழுக்கிப் போக வேண்டும் என்பது அவர்கள் சித்தாந்தம். வர்ண வேலையைப் பற்றி நண்பர் சொன்னபோது அவருடைய குரலே இளகிவிட்டது. பிரதி ஹெல்மெட்டில் ஒவ்வொன்றிலும் தூரிகை பிடித்து எழுதுவதில்லை. கோலத்தை மெல்லிய படலங்களில் அச்சடித்து, தண்ணீரில் ஊறவைத்து, கையால் எடுத்து அந்த உருண்டையின் மேல் பரப்பி, சுருக்கம் விழாமல் விரலால் நீவி ஒட்டுகிறார்கள். அதன் மேல் வார்னிஷ். "தட்டையான காகிதத்தைப் பந்து மேலே மடிப்பு விழாம ஒட்டிப் பாருங்க, தெரியும்" என்றார் நண்பர். வார்ப்பட வேலை செய்கிறவருக்குக் கை வேலையின் அருமை தெரிகிறது.

அலமாரியின் கடைசித் தட்டில் மூன்று தலைகள் தனியாக இருந்தன. அவற்றை அவர் எடுத்துக் கொடுக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியிலிருந்தே காட்டினார்.

முதலாவது தைஜிரோ கட்டோ. ஜப்பானியர், எண் 74. 2001-இல் 250 ஸி.ஸி. பிரிவில் உலக சாம்பியன். 2003 ஏப்ரல் 6-ஆம் தேதி சொந்த நாட்டில், ஸுஸுகா திடலில் மோதி, இரண்டு வாரம் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். வயது 26. அடுத்தது நிக்கி ஹேடன். அமெரிக்காவில் கென்டகிக்காரர், 2006-இல் உலக சாம்பியன். அவர் எண் 69. அவர் தகப்பனாருடைய எண் அது. விழுந்து தலைகீழாகக் கிடந்தாலும் சரியாகப் படிக்கலாம் என்று குடும்பத்தில் வேடிக்கையாகச் சொல்வார்களாம். எத்தனையோ பந்தயங்களில் விழுந்து எழுந்த அந்த மனிதர், 2017 மே மாதம் இத்தாலியில் மிதி சைக்கிளில் போகும்போது கார் மோதி இறந்தார்.

மூன்றாவது மார்க்கோ சிமொன்செல்லி. சடைசடையாகப் பெரிய தலைமயிர், எப்போதும் சிரிப்பு. எண் 58. 2011 அக்டோபர் 23-ஆம் தேதி மலேசியாவில் ஸெப்பாங் திடலில் இரண்டாவது சுற்றிலேயே விழுந்தார். பின்னால் வந்த இரண்டு வண்டிகள் அவர் மேல் ஏறிவிட்டன. ஒன்றை ஓட்டியவர் அவருடைய அருமைத் தோழர், ரோஸி. அந்த மோதலில் சிமொன்செல்லியின் ஹெல்மெட் தலையை விட்டுக் கழன்று உருண்டு போயிற்று. உலகம் முழுவதும் டெலிவிஷனில் பார்த்தது. வயது 24.

நான் அந்த மூன்றாவது ஹெல்மெட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெள்ளையும் சிவப்புமாக அழகாகத்தான் இருந்தது. மனத்தில் பட்டதைக் கேட்டே விட்டேன்.

"உயிரைக் காக்காத ஹெல்மெட்டை எதற்கு வாங்கி வைத்திருக்கிறீர்கள்?"

நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நான் முகத்தைத்தானுங்க வச்சிருக்கேன். ஹெல்மெட்டை இல்லீங்க" என்றார்.

அப்போதுதான் அவர் ஒரு கணக்குச் சொன்னார். பத்தொன்பதில் பதினாறு ஐந்து வருஷம் தாண்டியவை. அவற்றைப் போட்டுக்கொண்டு தெருமுனைக்குக்கூடப் போக மாட்டார். அக்காள் மகன் ஒரு நாள் ஆசைப்பட்டு, "மாமா, கட்டோவைப் போட்டுட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வரட்டுங்களா?" என்று கேட்டானாம். "வேண்டாங் கண்ணு, அது படம்" என்று சொல்லிவிட்டாராம். அவர் வண்டியில் போவதற்கு மாடிப்படிக் கீழே ஆணியில் ஒன்று மாட்டியிருந்தது. படமும் இல்லை, எண்ணும் இல்லை. வெறும் வெள்ளை. உள்ளே வாங்கின தேதியைப் பேனாவால் எழுதி ஒட்டியிருந்தார். பத்தொன்பது தலையிலும் அந்த இருபதாவதைத்தான் பொருட்படுத்துவதில்லை என்று தொடக்கத்தில் எழுதினேன். தப்பு, அடித்துவிட மனமில்லாமல் விட்டிருக்கிறேன்.

கீழே வந்ததும் என் சூரிய சந்திரரைக் கையில் எடுத்தார்.

"கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, உள்ளே இருந்த துணியை ஓர் ஓரத்தில் பிய்த்து இழுத்தார். துணிக்குக் கீழே மஞ்சள் ஸ்பாஞ்சு. தலையணையில் போடுகிற ஸ்பாஞ்சு. அதை ஒதுக்கினார். அதற்குக் கீழே ஒன்றுமில்லை, பிளாஸ்டிக் ஓடு. இரண்டு கையாலும் பக்கவாட்டில் அமுக்கினார். மண்பானை மூடி அளவு விறைப்புக்கூட இல்லை, வளைந்து கொடுத்தது. கெய்ன்ஸும் இல்லை, லம்பார்டும் இல்லை. துருதியின் சித்திரம் மட்டும் இருந்தது, அதுவும் திருட்டு நகல். ஐ.எஸ்.ஐ. முத்திரை பெறாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது என்று 2021 ஜூன் முதல் தேதியிலிருந்து சட்டம் இருக்கிறது. நான் வாங்கின காலத்தில் முத்திரையைப் பார்த்து வாங்கு என்று சொல்லாத ஆள் இல்லை. நான்தான் கூட்டத்துக்குப் பயந்து சாலையோரம் ஒதுங்கினவன்.

எனக்கு என் தலையைப் பற்றி அப்போது நினைப்பு வரவில்லை. அதே குவியல். 46. பின் ஸீட்டில் உட்கார்ந்திருந்த பத்து வயதுக் குழந்தைக்கு இப்போது பதினேழு நடக்கிறது. டியூஷனுக்கு மிதி சைக்கிளில் போகிறாள். மழை வந்தால் சிநேகிதியின் ஸ்கூட்டரில் பின்னால் தொற்றிக்கொண்டு வருகிறாள். அவசரத்துக்குப் பழைய ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொள்கிறாள் என்று அவள் அம்மா போன வாரம்தான் சொல்லியிருந்தாள். வாசலில் நின்றபடியே வீட்டுக்குப் போன் செய்தேன்.

"அவள் எங்கே?"

"டியூஷனுக்குப் போயிருக்கா. ஏன்? என்ன ஆச்சு? ஏன் இப்படிக் கத்தறீங்க?" என்றாள் மனைவி.

"ஒன்றும் இல்லை. எதில் போனாள்?"

"சைக்கிள்லேதான்."

காந்திபுரத்தில் நண்பரே கூட வந்து இரண்டு வெள்ளை ஹெல்மெட்டுகள் வாங்கிக் கொடுத்தார். தலையை அசைத்தால் ஹெல்மெட் தனியாக அசையக் கூடாது, கன்னத்தை இறுக்க வேண்டும், வார் தாடைக்கடியில் ஒரு விரல்தான் நுழைய வேண்டும் என்று கடைக்காரரை விட அதிகமாகப் பேசினார். பெண்ணின் தலை அளவு எனக்குத் தெரியவில்லை. மறுபடி போன் செய்து, தையல் நாடாவால் அவள் அம்மாவை அளக்கச் சொல்லி, சென்டிமீட்டரில் கேட்டு வாங்கினேன்.

பெண்ணுக்கு அது பிடிக்கவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, அவிச்ச முட்டை மாதிரி!" என்றாள். பழைய 46-ஐத் தோட்டத்தில் போட்டுக் கல்லால் உடைத்தபோது அவள் கண்ணில் நீர்கூட வந்தது. அப்புறம் இரண்டு நாள் யோசித்துவிட்டு, "இதிலே நானே ஏதாவது வரைஞ்சுக்கட்டுமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. கோயமுத்தூருக்குப் போன் போட்டு அவளிடமே கொடுத்தேன்.

"பெயிண்ட் மட்டும் அடிச்சிடாதே, கண்ணு" என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. "அதிலே இருக்கிற திரவம் பிளாஸ்டிக் ஓட்டைத் தின்னுடும். வெளியே தெரியாது. ஸ்டிக்கர் ஒட்டிக்கோ. சின்னதா இருக்கட்டும். என்ன படம் போடப் போறே?"

அவள் என்னைப் பார்த்துக் கையால் ரிசீவரைப் பொத்துவது போலப் போனைப் பொத்திக்கொண்டு, அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.